பத்துப் பாகம்

அளம்பிலுக்கு வெளியே, பத்துப் பாகத்தில்
நிற்கிறேன்.
காலுக்குக் கீழே ஒரு முழம் தண்ணீர்,
பிறகுதான் மணல், மணலில் அட்டை.
மூச்சை இழுத்தால் ஒரு சாண் ஏறுவேன்,
விட்டால் ஒரு சாண் இறங்குவேன்.
இதைப் பழக ஒரு சோளகம் முழுக்கப் போனது.

யூட்சன் அப்படியில்லை.
இடுப்பில் இரண்டு ஈயக்கட்டி கூட.
விழுந்து, உதைத்து, அடியைக் கலக்கி,
கள்ளுக் குடிக்கிற மாதிரிக் காற்றைக் குடிப்பான்.
எனக்குப் பதினாலாயிரம் தரவேணும்.
மூன்று மாதமாய்ப் பேச்சில்லை.

இன்று கலங்கலுக்குள்ளிருந்து வந்தான்,
வாயில் ஒன்றுமில்லாமல்,
கண்ணாடிக்குள் கண் இரண்டும் பெரிசாய்,
என் வாயைப் பறிக்கக் கை நீட்டிக்கொண்டு.

மஞ்சள் குழாயைத் திணித்தேன்.
தோள்வாரைப் பிடித்தேன்.
மேலே பாய உதைத்தான்; விடவில்லை.
ஏற ஏறக் காற்றுச்சட்டை தானாய் ஊதும்,
இரண்டு பேருடையதையும் நான்தான் வடிக்கவேணும்.
குமிழிகள் முந்திப் போகட்டும்,
எங்களுக்கு என்ன அவசரம்.
ஊது, ஊது என்று
அவன் நெஞ்சில் தட்டினேன்,
கொஞ்சம் கூடுதலாகவே.

தலை வெளியே வந்ததும்
அவன் பட்டியைக் கழற்றி விட்டேன்.
ஈயம் போனது
நாங்கள் வந்த வழியே,
ஒரு குமிழியும் இல்லாமல்.
கரையில் தேவாலயச் சிலுவை
பென்சில் நுனியளவு.

வள்ளத்தில் கவிழ்ந்து கிடந்து சத்தி எடுத்தான்.
கனநேரத்துக்குப் பிறகு,
"என்ர பட்டி எங்க?"
கீழே, என்றேன்.
"அப்ப அதின்ர காசைக் கழிச்சுப்போட்டு
மிச்சத்தைத் தாறன்."

என் கை இன்னும்
அவன் தோள்வாரில்தான் இருந்தது.