பதினேழில் ஒன்று

கால்வாய் கல்லாய் இறுகிய ஜனவரி.
ஃபிரானெக்கரில் அச்சு மை கூட உறைந்தது.
கிண்ணத்தைக் கணப்பருகே வைத்து இளக்கித்தான்
பேராசிரியர் சிக்கமாவை அச்சேற்றினோம்:

எல்லையுள்ள மனிதனுக்கு
எல்லையின்மை எப்படித் தோன்றும்?
உழக்குக்குள் கடல் ஊறாது.
கருவிலேயே யாரோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.
ஆகவே, வைத்தவர் இருக்கிறார்.

நாற்பது பக்கம். பக்கத்துக்குப் பக்கம் தேயுஸ்.
லத்தீனில் கடவுளுக்கு முதல் எழுத்து
நிமிர்ந்த முதுகும் பெருத்த தொந்தியுமாய் ஒன்று.
எங்களிடம் அது பதினேழுதான் உண்டு;
தாளுக்குத் தாள் பிரித்துக் கோத்தோம்.

மார்ச்சில் ஆல்டெரிங்க்கின் மறுப்பு வந்தது.
உன் தந்தையை எடுத்துக்கொள், என்கிறார்.
இருமலைக் கழி. கடனைக் கழி. சாவைக் கழி.
கையை நீட்டு, இன்னும் நீட்டு,
வானம் தட்டுப்படும்வரை.
மிச்சம் நிற்பதற்கு நீயே பெயர் வைத்து
நீயே கும்பிடுகிறாய்.

அவருக்கும் வேண்டியது அதே பதினேழு.
சிக்கமாவைச் சாம்பல்நீரில் கழுவி
ஆல்டெரிங்க்கின் வரிகளில் நிறுத்தினேன்.
மூன்றாம் தாளில் எண்ணினால் பதினாறு.

தரையைப் பெருக்கிக் குப்பையைச் சலித்தோம்.
"ஒரு கடவுள் குறைகிறது" என்று
மை தடவும் பையன் சிரித்தான்,
முதலாளி ஹெஸ்ஸலிடம் அடி வாங்கினான்.

அன்றிரவு வீட்டில்
இரண்டு வயது நிரம்பாத யெல்டெ
கையை இறுக மூடித் தூங்கிக்கொண்டிருந்தான்.
ஹில்க்யெ விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்தாள்.
உள்ளே அது.
என் மேலங்கி மடிப்பிலிருந்து விழுந்திருக்கும்.
நான் பார்க்கவில்லை.

ஈயத்தில் எழுத்து இடவலம் மாறித்தான் இருக்கும்.
பிள்ளையின் உள்ளங்கையில் நேராக இருந்தது,
சிவந்து, குழிந்து, பிசிறில்லாமல்.
இருபது வருடத்தில்
இப்படியோர் அச்சு நான் எடுத்ததில்லை.

"இது எங்கிருந்து வந்தது?" என்றாள்.

நாக்கு நுனிவரை வந்தார் சிக்கமா.
அவரைத் தள்ளிக்கொண்டு ஆல்டெரிங்க்.
இருவரையும் எழுத்தெழுத்தாய், தலைகீழாய்
வாசித்தவன் நான்.
"விளக்கைக் கிட்டே காட்டு" என்று மட்டும் சொன்னேன்.

பால் வாசம் அடிக்கும் கைமேல்
குனிந்து நின்றோம்.
பார்க்கப் பார்க்கத் தோல் மேலெழும்பிச்
சமமாயிற்று.

காலையில் எழுத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்;
மறுப்பு பாதியில் நிற்கிறது.
யெல்டெ விழித்துக்கொண்டான்.
வெறும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
பிறகு அழுத அழுகை
பாலத்தைத் தாண்டியும் கேட்டது.