துண்டுச் சீட்டு

பட்டிமன்றம் ஆறு மணிக்கு என்று போட்டிருந்தார்கள்.
மழை ஐந்தரைக்கே மார்த்தாண்டத்துக்கு வந்துவிட்டது.
மண்டபத்து வாசலில் செருப்புகள் மிதந்தன.
அண்டி ஆபீசிலிருந்து நேரே வந்திருந்தோம்
நானும் லில்லிபுஷ்பமும்,
சேலையில் வறுத்த அண்டி மணத்தோடு.

மேடைத் துணியில் தலைப்பு:
கருக்கலைப்பு உரிமையா, பாவமா?
மின்விசிறி அடித்த அடியில் துணி மடிந்து மடிந்து
கடைசிக் கேள்விக்குறி மட்டும்
நிமிர்ந்து நின்றது.

உரிமை அணியில் ஒரு வக்கீலம்மா.
சட்டம், பிரிவு, வாரம் என்று விரல் மடக்கினார்.
அவர் சொன்னதில் பொய் இல்லை.
பாவ அணியில் கல்லூரிப் பேராசிரியர்.
ஆறாவது வாரத்தில் இதயம் எப்படித் துடிக்கும் என்று
மைக்கை விரலால் தட்டிக் காட்டினார்.
மண்டபம் முழுக்கத் துடித்தது.
அவர் சொன்னதிலும்...
நானும் அந்த வாரங்களை எண்ணியிருக்கிறேன்,
அவரைவிட மெதுவாக.

லில்லிபுஷ்பம் கை தட்டினாள்.
பாவ அணிக்கு.
அண்டிப்பால் பட்டுத் தொலி உரிந்த கை,
என்னுடையதைப் போல.
ஈரச் சாக்கை உதறுகிற சத்தம்.
திரும்பிப் பார்த்தேன்.
அவள் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது.
காரணத்தை இங்கே எழுதப் போவதில்லை.
எழுதினால் நீங்களும்
நடுவராகிவிடுவீர்கள்.

தக்கலை ஆஸ்பத்திரியில் ஒரு பச்சை பெஞ்சு.
"நானும் வாறேன்" என்றதைத் தவிர
அன்று காலை அவள் எதுவும் பேசவில்லை.
பஸ்ஸில் இரண்டு டிக்கெட் அவள்தான் எடுத்தாள்.
செருப்பை வெளியே விடச் சொன்னார்கள்;
காணாமல் போகும் என்று
என் செருப்பைப் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.
கூட வந்தவர் யார் என்று நர்ஸ் கேட்டாள்.
படிவத்தில் உறவு என்ற இடத்தில்
அக்கா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.
எங்கள் இருவருக்கும் ஒரே வயது.
அவள் பொய் எழுதி நான் பார்த்தது
அந்த ஒரு வார்த்தைதான்.

பிறகு மூன்று நாள் நான் படுத்துக் கிடந்தபோது
சூப்பர்வைசரிடம் வயிற்றுப்போக்கு என்றாளாம்.
என் பங்குப் பருப்பையும் தொலி எடுத்து
என் பேரில் எடை போட்டாளாம்.
ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனாள்.
முட்டுப்போட்டு வெகுநேரம் இருந்தாள் என்று
மற்றவர்கள் சொன்னார்கள்.
யாருக்காக என்று
இருபத்திரண்டு வருஷமாக நான் கேட்டதில்லை.

பார்வையாளர்களும் கேள்வி எழுதலாம் என்றார் நடுவர்.
பேட்ஜ் குத்திய பையன் அரைத்தாள் தந்தான்.
முன்வரிசையில் பேனா கடன் வாங்கி எழுதினேன்:
கூட வந்து பெஞ்சில் இருந்தவளை
எந்தப் பக்கம் உட்கார வைப்பீர்கள்?

சீட்டு மேடைக்குப் போனது.
ஓரத்தில் என் பெருவிரல் கறுப்பாகப் பதிந்திருந்தது.
நடுவர் பிரித்தார், புரட்டிப் பார்த்தார்,
"பெயர் இல்லாத சீட்டுகளை வாசிப்பதில்லை" என்றார்.
அதன் மேல் தண்ணீர் தம்ளரை வைத்தார்.

எட்டே முக்காலுக்குத் தீர்ப்பு ஆரம்பித்தது.
"இரு தரப்பிலும் நியாயம் உண்டு, எனினும்..."
அருமனைக்குக் கடைசி பஸ் ஒன்பது மணிக்கு.
பாதி மண்டபம் எழுந்தது, நாங்களும்.
எனினும் என்ன ஆனது என்று
எனக்கு இன்றுவரை தெரியாது.

மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கி நின்றோம்.
"நான் கை தட்டினது உனக்குக் கஷ்டமாட்டு இருந்துதா?"
"இருந்துது."
"நான் சத்தியமாட்டு நினைச்சுதான் தட்டினேன்."
"தெரியும்."
லாரி ஒன்று எங்கள் மேல் சேற்றை வாரியடித்துப் போனது.
அதைத் திட்டி முடித்துவிட்டுச் சொன்னாள்:
"அன்னைக்கு வந்ததும் அப்படித்தான் பிள்ளே."

பஸ்ஸில் இருக்கை ஒன்றுதான் கிடைத்தது.
என்னைத் தள்ளி உட்கார வைத்தாள்.
இப்போது பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லை.
கண்டக்டர் வந்ததும்
நான் வாய் திறக்கும் முன்பே
அவள்
இரண்டு விரலைக் காட்டினாள்.