உருகின கணக்கு

திருக்கடலூர் ஐஸ் வாடியில்
மேசைமேல் இருக்கிற சிபி செற்
எப்போதும் எஃப்எம்மில்தான் நிற்கும்.
அமசடக்கமான பெட்டி.
ஆள் கதைக்காத நேரம் மூச்சும் விடாது.
ஒருவன் பட்டனை அழுத்தினால்தான் கதவு திறக்கும்:
"அக்கா, விடிய ஆறு பெட்டி."
எழுதிக்கொள்வேன். கதவு சாத்திக்கொள்ளும்.

இரண்டு பேர் ஒன்றாய்க் கூப்பிட்டால்
கிட்ட நிற்பவன் குரல் மட்டும் வரும்.
சல்லிக்கு நேரே நிற்கிற றொட்ரிக்கோ
பவுல்முனைக்கு அப்பால் நிற்கிற புவிராசாவை
முள்ளோடு விழுங்கிவிடுவான்.
விழுங்கினது எனக்குத் தெரியவும் வராது.

நேற்றிரவு மழைக்குணம்.
கரண்ட் போய், பற்றறியில் செற்.
டோர்ச்சைத் தேடின கை ஆளியில் தட்டுப்பட்டு
ஏஎம்முக்கு மாறிவிட்டது.

முதலில் இரைச்சல்,
தாச்சியில் சூடை பொரிகிற மாதிரி.
கிண்ணியாப் பக்கம் வெட்டின ஒவ்வொரு மின்னலுக்கும்
ஒரு டிக்.
பிறகு இரண்டு குரல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி
நடுவில் நீள விசில்.
அதுக்கும் கீழே,
உப்புத்தண்ணிக்குள் கண் விழித்துப் பார்த்தால் தெரிவதுபோல,
ஆட்கள்.

"எஃப்எம்மில கதைக்காத, வாடிக்குக் கேக்கும்."
"இதில கேக்காது. சொல்லு."
"போன கிழமையும் ஒரு பெட்டி கூடப் போட்டிருக்கிறாள்."
"ஒண்டோ? எனக்கு ரெண்டு."
சிரிப்பு. விசில். டிக்.
எங்கேயோ ஆழத்தில், விளங்காத பாஷையில்,
மலாய்க்காரனோ ஆரோ
தன்பாட்டுக்கு எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

புவிராசா
அலை தூக்கினால் வருவான், இறக்கினால் போய்விடுவான்.
"உருகிறது ஆரின்ர கணக்கு?" என்றான்.
போனான்.
வந்தான்.
"மேசைக்குக் கீழ தண்ணி ஓடுறதைக் காணேல்லையோ நீங்கள்.
செருப்பைக் கழட்டிக் கதிரையில வச்சிட்டுத்தான் மனுசி எழுதுறது."
போனான்.

குனிந்து பார்த்தேன். இருட்டு.
விரலிடுக்கில் குளிர் ஓடியது.

மைக்கை எடுத்தேன். வைத்தேன்.
ஆளியை எஃப்எம்முக்குத் தள்ளினேன்.
ஒரு சத்தமுமில்லை,
கடலில் ஒருவருமே இல்லாத மாதிரி.

கொஞ்சம் பொறுத்து றொட்ரிக்கோ,
கழுவித் துடைத்த குரலில்:
"அக்கா, விடிய ஆறு பெட்டி."
"ஆறு" என்றேன்.
ஏழு எழுதினேன்.

பிறகு டோர்ச்சைக் கவ்விக்கொண்டு
புவிராசாவின் பக்கத்தைத் தேடி,
போன கிழமை ஐந்தை நாலாக்கினேன்.
ஈரத்தில் மை பரவி
நாலுமில்லை ஐந்துமில்லை.

அப்படியே விட்டுவிட்டு
ஆளியை மறுபடி தள்ளினேன்.
சூடை பொரிந்தது.