ஆறு மணிப் படகு

உப்புவெளியில் நான் சாவி கொடுக்கும் விடுதியில்
நான்காம் இலக்க அறைக்கு இரண்டு பெண்கள்.
இனேஸ், ஸ்பெயின் கடவுச்சீட்டு.
மயேல், பிரான்ஸ்.
மின்சாரம் போன இரவு
வரவேற்பு மேசையில் ஒரு மெழுகுதிரியைச் சுற்றி
மூன்று பேரும் இருந்தோம்.
போன காதலுக்கு யாருடைய மொழியில்
நல்ல சொல் என்று அவர்களுக்குள் வழக்கு.

இருவரும் முதலில் எக்ஸ் என்றார்கள்.
அது சொல்லே இல்லை, கதவு அடிபடும் சத்தம்
என்று தாங்களே தள்ளுபடி செய்தார்கள்.

நோவியா என்றாள் இனேஸ்.
காதலிக்கிறபோதும் அதுதான்,
கலியாணப் பந்தலுக்குள்ளும் அதுதானாம்.
எங்கள் ஊரில் அந்த இரண்டுக்கும் நடுவே
ஒரு சாதகம், ஒரு சீதன வளவு,
கனடாவிலிருந்து குறுக்கே பேசும் ஒரு மாமா.

கொபீன் என்றாள் மயேல்.
அதன் வேரில், கூடப் பாண் தின்ற ஆள்.
அப்ப விட்டுப் போனவன்?
பாண் முடிஞ்சு போனவன், என்றேன்.
மெழுகுதிரி அணையும்படி சிரித்தார்கள்.
திரும்பக் கொளுத்தினேன்.

ஆன்சியென் என்ற சொல்
பெயருக்கு முன்னால் நின்றால் முடிந்துபோனதாம்,
பின்னால் நின்றால் பழமையானதாம்.
ஸ்பெயினிலும் அப்படித்தான் என்று மற்றவள் தலையாட்டினாள்.
நான் நான்காம் அறைச் சாவியைத்
திரிக்கு முன்னால் வைத்துப் பார்த்தேன்,
பின்னால் வைத்துப் பார்த்தேன்.
நிழல்தான் இடம் மாறியது.

உங்கட மொழியில?

முன்னாள் என்று ஒன்று இருக்கிறது.
அதை நகரசபைத் தவிசாளருக்கு வைப்போம்,
ஓய்வுபெற்ற அதிபருக்கு வைப்போம்,
புனர்வாழ்வு முடிந்து இத்தனை வருசத்துக்குப் பிறகும்
யாரோ மோட்டார் சைக்கிளில் வந்து விசாரித்துப் போகிற
என் பெரியம்மா மகனுக்கு வைப்போம்.
முன்னாள் காதலன் பத்திரிகையில் மட்டும் வருவான்,
கத்தியோடு.

அவர்கள் சிரிக்கவில்லை. பேச்சை மாற்ற
உங்கட எக்ஸ் ரெண்டு பேரும் இப்ப எங்கே, என்று கேட்டேன்.
மெழுகுதிரிக்கு மேலாக
ஒருத்தி மற்றவளைச் சுட்டினாள்,
மற்றவள் இவளை.
பெப்ரவரியில் முடிந்ததாம்.
விமானச்சீட்டுக் காசு திரும்பத் தரமாட்டார்களாம்.

சொல்லின் கடைசியில் ஆ வந்தால் பெண் என்று
எனக்கு யார் சொன்னது?
ஒரு மணித்தியாலமாக என் தமிழ்
அவன், அவன் என்று இரண்டு பேரைக் கொண்டுவந்து
இருத்தி வைத்திருந்தது,
ஒருவனுக்கு மீசைகூட.

காலை ஆறு மணி.
புறாத்தீவுக்குக் கூட்டிப்போகத்
தயாபரன் வந்து வாசலில் நின்றார்.
நின்றார் என்றுதான் இப்போது எழுத வருகிறது.

நாலு வருசத்துக்கு முன் அவன் நீ.
வாறியா என்றால் வருவான்,
மீன் மணக்கிற சேர்ட்டோடு, சாம்பல்தீவுப் பாலம்வரை.
பிறகு ஒரு மழைக் கிழமை முழுக்க நீர்:
வாறீரா, இல்லையா, சொல்லும்.
அவருக்குப் பேச்சுக்கால் ஆன நாளிலிருந்து நீங்கள்.
வாறீங்களா.
எங்களுக்கு அந்தச் சொல் இல்லை என்று
இரவு இவர்களிடம் சொன்னது பொய்.
அது வினையின் வாலில் இருக்கிறது,
கேட்கத் தெரிந்தவருக்குத்தான் கேட்கும்.

யார் இவர், என்றாள் மயேல்.
படகுக்காரர்.

ரெண்டு பேர் மட்டுமோ, தங்கச்சி?
என்று கேட்டார் அவர்.
ஓம். அங்கி ரெண்டு குடுங்கோ.

ஈர மணலில் நின்று
மயேலின் அங்கிக் கொளுவியை இனேஸ் பூட்டிவிட்டாள்,
பார்க்காமலே,
கடலைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டு.

நான் உள்ளே வந்து பதிவேட்டில் எழுதினேன்:
அறை நான்கு. படகு ஒன்று.
ஆட்கள் இரண்டு.
காசு பிறகு.