கொண்டலாம்பட்டி பைபாஸ், பதினொரு மணி

ஒரே ஓனர் என்கிறார் பச்சியண்ணன்.
அந்த ஓனர் ஒரு கண் ஆஸ்பத்திரி என்பதை
பின்கதவு திறந்த பிறகுதான் சொல்கிறார்.

எண்பதாயிரத்தில் நின்றுபோன மீட்டர்.
அயோத்தியாப்பட்டணம் வரை ஓட்டிப் பார்த்தேன்:
மூன்றாவது கியர் கெஞ்சினால்தான் விழுகிறது.

தவமணி பேரத்துக்கு வரவில்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி
தகரத் தரையில் நீட்டிப் படுத்தாள்,
கால் முட்டுகிறதா என்று.
முட்டவில்லை. ஒரு சாண் மிச்சம்.

எதிர்ச்சுவரில் இன்னும் அந்த அட்டை.
ட, ப, ம எனப் பெரிதாய்த் தொடங்கி
எறும்பாகிப்போகும் எழுத்துகள்.

"சுரண்டித் தந்துர்றேங்க."

"இருக்கட்டும்" என்றாள், எழாமலே.
"கட்ச் போய்ச் சேர்றதுக்குள்ள
கடைசி வரியப் படிச்சிருவேன்."

இரண்டு லட்சத்துப் பத்து.
ஸ்டெப்னிக்குத் தனி.