எட்டு சென்டிமீட்டர்

ஔலு நகரில் டிசம்பர்.
பிற்பகல் இரண்டுக்கே பொழுது சாய்ந்துவிட்டது.
நானோ ஒரே ஒரு விளக்கோடு
மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மருத்துவமனை இன்னும் கட்டப்படவில்லை.
அதை வரைந்த அன்னுக்கா கெம்ப்பைனென்
ஒரு கேள்விதான் அனுப்பியிருந்தார்:
இரவு இரண்டு மணி,
தாழ்வாரத்தில் விளக்கு எரிகிறது,
கதவு எட்டு சென்டிமீட்டர் திறந்திருக்கிறது,
நான்காம் படுக்கையில் மல்லாந்து கிடப்பவருக்கு
என்ன தெரியும்?

கணக்கை அந்தக் கண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும்,
ஒளி வந்த வழியே பின்னோக்கி.
தலைகீழாகத் தோன்றும்.
ஆனால் பார்வையை வீசினாள் என்றுதானே சொல்கிறோம்.
வீசுகிறேன்,
ஒரு புள்ளிக்கு ஆயிரம் முறை.
கூரையில் பட்டு, திரைச்சீலையில் பட்டு, கட்டில் இரும்பில் பட்டு
எந்தப் பக்கம் தெறிப்பது என்பதைப் பகடை சொல்கிறது.
கதவுப் பக்கம் சற்றே சாயட்டுமென்று
பகடைக்குள் ஈயம் வைத்தேன்.
சாய்த்த அளவை மதிப்பில் கழித்துவிட்டால்
அது கள்ளாட்டம் இல்லை.

எல்லாவற்றையும் கடைசிவரை தொடர நேரம் கிடையாது.
மோதலுக்கு மோதல் உருட்டி
சிலவற்றைக் கொன்றுவிடுவேன்.
பிழைத்தது
செத்தவற்றின் பங்கையும் சுமந்து போக வேண்டும்.
இல்லையென்றால் அறை
உண்மையைவிட இருண்டுவிடும்.

எட்டு சென்டிமீட்டர்.
ஆயிரத்தில் இரண்டோ மூன்றோ அந்த இடுக்கைக் கண்டன.
படம் முழுக்க மணல்.
மணல் பாதியாக வேண்டுமா, நாலு மடங்கு காத்திரு.
அதிலும் பாதி வேண்டுமா, பதினாறு.
கந்துவட்டிக்காரனே இரக்கமுள்ளவன்.

கூரையில் மட்டும்
கண்ணைக் குத்தும் சில வெள்ளைப் புள்ளிகள்.
மின்மினி என்போம் எங்கள் தொழிலில்.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு,
பறக்கிற பூச்சி ஒன்று கிடையாது ஊரில்.

பிழை, என்றான் தெய்யோ.
வியாழன் கெடு.
உச்சவரம்பு போட்டு வெட்டினான்,
இரைச்சல்நீக்கியை ஓட்டினான். பத்து நொடி.
அறை வெண்ணெயாக வழுவழுத்தது.
அழகாகத்தான் இருந்தது.
வெண்ணெய்க்குள் யாரும் படுத்திருக்கவில்லை.

அவன் போன பிறகு
வெட்டிய மின்மினிகளில் ஒன்றைப் பிடித்து
வந்த தடத்தைக் கேட்டேன்.
கூரை.
பிளாஸ்டிக். நீர். மறுபடி பிளாஸ்டிக்.
கதவிடுக்கு.
விளக்கு.

சலைன் பை!
ஒப்புக்குத்தான் தொங்கவிட்டிருந்தேன்,
மருத்துவமனை என்று தெரியட்டுமே என்று.
அது பாட்டுக்கு விளக்கைக் குடித்து
கூரையில் துப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

இம்முறை இரு முனையிலிருந்தும் எறிந்தேன்.
விளக்கிலிருந்து சில, கண்ணிலிருந்து சில,
நடுவழியில் கைகோக்கும்படி.
விடியல் என்று இங்கே பத்தரையைச் சொல்கிறார்கள்.
அதற்குள் மணல் அடங்கி
கூரையில் ஒரு கோணல் நிலா,
ஓரம் மட்டும் இன்னும் சொரசொரப்பாக.

தெய்யோ வந்தான், பார்த்தான்,
கோட்டைக் கழற்றாமல் காபி ஊற்றினான்,
எனக்கும் ஒன்று.

அன்னுக்காவின் பதில் சாயங்காலம்:
அதேதான். பதினோரு இரவு பார்த்துக்கொண்டு கிடந்தேன்.
சொட்டு விழும்போது லேசாக ஆடும்.
கதவைப் பத்தாக்கினால் என்ன ஆகும்?

தெரியவில்லை.
முதலிலிருந்து எறிய வேண்டும்.