தோல் எந்தப் பக்கம்

வில்மார் சுவர்க்கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினான்.
ஒன்பது நாற்பதில் நின்றுபோனது சமையலறை.

ஸ்பீக்கரின் ஒயர் முனைகளில்
அதை ஒரு கணம் தொட்டெடுத்தான்.
காகிதக் கூம்பு முன்னால் குதித்தது.
பேட்டரியைத் திருப்பித் தொட்டால்
உள்ளே இழுத்துக்கொண்டது, நத்தை மாதிரி.
"பார்த்தாயா மிர்த்தா?"
நான் மாத்தே உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

அவன் கட்டிய ஆம்ப்ளிஃபையரில்
பக்கத்துக்கு ஒரே ஒரு வால்வு.
வாங்கியதைக் கவிழ்த்துக் கொடுப்பது அதன் சுபாவம்:
மேடு போனால் பள்ளமாய் வரும்.
இன்னொன்று இருந்திருந்தால்
கவிழ்த்ததைக் கவிழ்த்து நேராக்கியிருக்கும்.
காசில்லை.
ஆக மூன்று வாரமாய் நாங்கள்
மறுபுறம் திருப்பிப் போட்ட சட்டையாக
எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தோமாம்.
எனக்குத் தையல் எங்கும் உறுத்தவில்லை.

சிவப்பு ஒயரைக் கறுப்பின் இடத்தில் செருகினான்,
ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும்;
அதற்குள் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்ட, போய்விட்டான்.
அப்போதுதான் உறுத்தியது.
அறை நடுவில் நின்று கேட்கிறேன்,
பெரிய முரசுக்கு வயிற்றையே காணோம்.
ஒரு கூம்பு தள்ள மறு கூம்பு இழுக்க
இடையில் காற்றுக்கு வேலையில்லை.

திரும்பி வந்து மற்றதையும் மாற்றினான்.
வயிறு வந்துவிட்டது.
"இப்போது சொல், இதுதானே உன் அடி?"

மொண்டெவிடியோவில், பலெர்மோ தெருக்களில்,
நாங்கள் வாசித்த கன்டோம்பே அது.
செய்தித்தாளைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி
தோளில் மாட்டி நடந்த நாற்பது பேரில்
என்னுடையது சிக்கோ,
ஒரு கை, ஒரு கோல்.
கண்ணை மூடிக்கொண்டேன். அவன் மாற்றி மாற்றிச் செருகினான்.
ஒன்பது தடவை சரி. எட்டு தவறு.
ஒரு தடவை தூங்கிவிட்டேன்.

பாவம், அவன் முகம்.

நான் அடித்தால் தோல் என்னை விட்டு விலகும்.
உள்ளங்கைக்குத் தெரியும் அது, காதைக் கேட்பானேன்.
ஆனால் எங்கள் முரசுக்கு அடிப்பக்கம் திறப்பு.
அங்கே இருப்பவனுக்கு
அதே அடி எதிர்கொண்டு வரும்.

"மைக்கை யார் பிடித்திருந்தது?"

எதெல்வினாவின் பையன்.
எங்களுக்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடி
கொஞ்ச நேரம் மேலே நீட்டினான்,
கை வலித்ததும் கீழே தொங்கவிட்டான்.

வில்மார் ஸ்க்ரூடிரைவரை மேசையில் வைத்தான்,
உருண்டது, பிடிக்கவில்லை.
கெட்டிலில் தண்ணீர் ஆறிவிட்டது.
மணி, ஒன்பது நாற்பது.